எழும்புவதற்கு ஒரு காரணம்

போன மாதம் எங்கள் பழைய தேயிலைத் தோட்ட ஆபீசுக்குச் சுழல் கதிரைகள் வந்து இறங்கியிருக்கின்றன. இரும்புக் கால், ரப்பர் மெத்தை, முதுகுக்கு ஒரு வளைந்த பலகை. கொழும்பிலிருந்து அவற்றை விற்க வந்த கனவான் விற்றோமா போனோமா என்று இருக்கவில்லை. மேசை வேலை செய்கிறவர்களுக்கு நோவு வராமலிருக்க எப்படி உட்கார வேண்டும் என்று ஒரு பிரசங்கமும் செய்தாராம். பாதம் தரையில் படிய வேண்டும், முழங்கை மேசையில் தங்க வேண்டும், கழுத்து நிமிர்ந்திருக்க வேண்டும். கடைசியில் ஒரு கேள்வி: "உங்களுக்கு முந்திய கிளாக்கர்மாரைப் பாருங்கள், ஒருவராவது கூன் போட்டு உட்கார்ந்தாரா?" அதைக் கேட்ட இளம் கிளாக்கர்மார் இரண்டு பேர் நேரே கந்தப்பளைக் கடைவீதியில் என் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள். ஊழியர் மலருக்குக் கட்டுரை வேண்டுமாம். "இத்தன வருசம் மேசையில இருந்தும் ஐயாவுக்கு முதுகு நெட்டுக்குத்தா நிக்குதுங்களே, அந்த ரகசியத்தக் கொஞ்சம் எழுதிக் குடுங்க" என்கிறார்கள்.

ரகசியமாம், மண்ணாங்கட்டி! நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தது உடம்பைப் பேணுவதற்காக இல்லை. பயத்தில். பயந்தவன் முதுகு நேராகத்தான் இருக்கும். அதைப் பார்த்து ஒருவர் பிரசங்கம் செய்வதும், நாலு பேர் வாயைப் பிளந்து கேட்பதும் நல்ல கூத்துதான். கேட்டுவிட்டீர்கள், எழுதுகிறேன். படித்த பிறகு ஏன் கேட்டோம் என்று முகத்தைச் சுளிக்கக் கூடாது.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் சம்பளமில்லாத கிளாக்கராக மைக்கூடு கழுவினேன், பென்சில் சீவினேன், கோடு போட்டேன். உட்கார இடம் தரவில்லை, ஆகவே நோவும் வரவில்லை. பிறகு கந்தப்பளையிலிருந்து மேலே ஏறும் இந்தத் தோட்டத்துக்கு இரண்டாம் கிளாக்கராக வந்தேன். நோவு என்றால் என்னவென்று இங்கேதான் படித்தேன்.

ஆபீசைச் சொல்கிறேன். விடியற்காலையில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு மலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்துக்கு எதிரே தகரக் கூரை போட்ட கட்டடம். உள்ளே சுவரைப் பார்த்தபடி ஒரு நீளச் சரிவு மேசை. எந்தக் காலத்திலோ நின்றபடி எழுதுவதற்கென்று செய்தது அது. பிறகு யாரோ ஒரு மகானுபாவர் கிளாக்கர்மார் உட்கார்ந்து எழுதட்டும் என்று தீர்மானித்திருக்கிறார். மேசையைக் குறைக்கவில்லை, ஸ்டூலை உயர்த்திவிட்டார். முதுகு இல்லாத ஸ்டூல். ஏறி உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாது. குறுக்குக் கட்டையில் குதிகாலைக் கொளுவிக்கொண்டு, மேசையின் சரிவில் வழுக்கும் பெரிய செக்ரோல் புத்தகத்தை இடது முழங்கையால் முட்டுக் கொடுத்துக்கொண்டு, வலது கையால் எழுத வேண்டும். செக்ரோல் என்றால் தோட்டத்தில் யார் யார் எந்தெந்த நாள் வேலைக்கு வந்தார்கள் என்ற பேர்ப் பதிவு. கார்பன் தாள் வைத்து, காப்பி பென்சிலை அழுத்தி எழுதினால்தான் அடித்தாளில் விழும். மேலே மூடுபனி, கீழே சிமெந்துத் தரை, விரல்கள் காலையிலேயே மரத்துப்போயிருக்கும். அந்தக் கனவான் இங்கே வந்து பாதத்தைத் தரையில் படிய வைத்துக் காட்டியிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன்.

பக்கச் சுவரில் கம்பி போட்ட ஒரு ஜன்னல். தொழிலாளர்கள் உள்ளே வரக்கூடாது. வெளியே தூறலில் நின்று, தலையில் போட்ட கம்பளியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகப் பேசுவார்கள். நாங்கள் உட்கார்ந்தபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொல்லுவோம். அதுதான் வழக்கம்.

பெரிய கிளாக்கர் ஞானமுத்து. இந்த மனிதரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஆபீசில் முதுகு வைத்த கதிரை இரண்டே இரண்டு. கைப்பிடியும் முதுகும் உள்ளது உள்ளறையில் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரப் பெரியதொரைக்கு. கைப்பிடி இல்லாமல் முதுகு மட்டும் உள்ளது ஞானமுத்துவுக்கு. ஆனால் அவர் ஒரு நாளும் அதில் சாய்ந்ததில்லை. காலையில் வந்ததும் கறுப்புக் கோட்டைக் கழற்றி, தோள்பட்டை மடியாமல் அந்தக் கதிரையின் முதுகில் போடுவார். பிறகு கதிரையின் முன் விளிம்பில், முதுகை நிமிர்த்தி, தபால் பெட்டி மாதிரி உட்காருவார். சாயங்காலம் வரை கோட்டு சாய்ந்திருக்கும், மனிதர் சாயமாட்டார். தொரை உள்ளறையில் இருக்கும்போது சாய்ந்து உட்காருவது மரியாதைக் குறைவு. தொரை மலைக்குப் போயிருந்தால் எந்த நேரமும் திரும்பி வந்துவிடலாம். தொரை பங்களாவில் தூங்கிக்கொண்டிருந்தால்? அப்போதும் சாயமாட்டார். என்ன ஜென்மமோ!

அவர் கையில் எப்போதும் கோடு போடும் உருளைத்தடி இருக்கும். எங்களில் ஒருவன் குனிந்து எழுதினால் சத்தமில்லாமல் பின்னால் வந்து தடியை முதுகெலும்போடு ஒட்டி வைப்பார். இடைவெளி தெரிந்தால் போச்சு.

"என்னய்யா கதிரேசன், இது ஸ்டாஃப் முதுகா, கூலி முதுகா? கூடை தூக்குறவங்கதான் குனியணும். நம்ம குனியலாமா?"

அவருடைய தாயாரும் கூடை தூக்கியவர்தான் என்று தோட்டமெல்லாம் தெரியும். அதை யாரும் வாயால் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

அவருக்கு நோவே இல்லையா என்று கேட்பீர்கள். ஏன் இல்லாமல்? வேட்டியைச் சரி செய்கிற சாக்கில் இடுப்பை அமுக்குவார். இருமுகிற சாக்கில் கழுத்தைத் திருப்புவார். நோவைக் காட்டுவதும் அவருக்குக் கூலித்தனம்.

அந்தக் காலத்துப் பெரியதொரை நல்லவர் இல்லை. அவருடைய பூட்ஸ் சத்தம் படிக்கட்டில் கேட்டதுமே நாங்கள் எல்லோரும் எழும்பி நிற்க வேண்டும். அவர் "உக்காரு" என்று சொல்லுகிறவரை உட்காரக் கூடாது. மலைக்குப் போவார், எழும்புவோம். வருவார், எழும்புவோம். தொழிற்சாலைக்குப் போவார், நாயைத் தேடுவார், தொப்பியை மறந்துவிட்டுத் திரும்புவார், எல்லாவற்றுக்கும் எழும்புவோம். பல நேரம் உட்காரச் சொல்ல மறந்து உள்ளறையில் டெலிபோனில் கத்திக்கொண்டிருப்பார். நாங்கள் நிற்போம். நின்றபடியே, எழுதும் கையைக் கீழே தொங்கவிடுவோம், முதுகுக்குப் பின்னால் விரல்களை மடக்கி நீட்டுவோம், சப்பாத்துக்குள் கால்விரலை அசைப்போம், மணிக்கூட்டைப் பார்க்கிற பாவனையில் கழுத்தைத் திருப்புவோம். மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே செய்ததுதான். அது எங்களுக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று யாருக்கும் அப்போது தெரியாது.

அந்தத் தொரை சீமைக்குப் போனார். புதுத் தொரை வந்தார். வயது குறைவு, நல்ல மனசு. முதல் நாள் அவர் படியேறியதும் நாங்கள் வழக்கம்போல எழும்பினோம். அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. கற்றுக்கொண்டு வந்த தமிழில், "எழும்ப வேணாம், எழும்ப வேணாம்! நான் ராஜா இல்லே. இனிமே யாரும் எழும்புறது இல்லே. வேலை பாரு" என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூன்றாம் கிளாக்கர் தங்கராஜுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "பாத்தீங்களா கதிரேசண்ணே, நமக்கும் ஒரு காலம் வந்திருச்சு" என்றான். வந்தது காலம்! எங்களைப் படுக்கப் போடத்தான் வந்தது.

ஞானமுத்துவின் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும், வீட்டில் சாவு விழுந்த மாதிரி. ஆனால் தொரை சொல் வேதம். அந்த வேதத்துக்கு அவர் ஒரு வியாக்கியானமும் கண்டுபிடித்தார். நான் ஒரு நாள் சோம்பல் முறிக்க ஸ்டூலை விட்டு இறங்கினேன்.

"எதுக்குய்யா எழும்புற?"

"சும்மாதாங்க. கால் மரத்துருச்சு."

"தொரைக்கே எழும்பாதவன் வேற எதுக்குய்யா எழும்பணும்? உக்காரு."

அதுதான் அன்றிலிருந்து ஆபீஸ் சட்டம். தண்ணீர் வேண்டுமா, ஆபீஸ் காவல்காரன் கொண்டுவந்து தருவான். தபாலா, அவனே எடுத்து நீட்டுவான். காலையில் ஏறி உட்கார்ந்தால் சாப்பாட்டு மணிக்கு இறங்குவது, பிறகு ஏறினால் சாயங்காலம். கொடுமைக்காரத் தொரை காலத்தில் இருந்த உடம்பு, நல்லவர் வந்ததும் போய்விட்டது. நல்லவர் எழும்ப வேண்டாம் என்றாரே தவிர, நாங்கள் உட்கார்ந்திருந்தது எதில் என்று பார்த்தாரா? நாலு நல்ல கதிரை வாங்கித் தந்தாரா? நல்லவர்களுக்கு அதெல்லாம் கண்ணில் படாது.

எனக்கு இடுப்பு பிடித்தது. தங்கராஜுக்கு வந்தது வேறு. அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட இளையவன், பருத்த உடம்பு, சிரித்த முகம். செக்ரோல் அவன் பொறுப்பு. அச்சில் வார்த்த மாதிரி எழுத்து, கார்பனை மூன்று தாளுக்கு அழுத்தினாலும் கோணாது. அவனுக்குப் பிழைப்பே அந்தக் கைதான். வீட்டில் பாக்கியம் என்ற மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். ஸ்டாஃப் குவார்ட்டர்சில் இரண்டு அறை. நாட்டில் நம்மவர்களை எல்லாம் இந்த மண்ணுக்கு உரியவர்கள் இல்லை என்று சட்டம் போட்டு, பிறகு வேண்டுமானால் பிரஜாவுரிமை கேட்டு விண்ணப்பம் போடு என்று சொல்லியிருந்த நேரம் அது. தங்கராஜ் விண்ணப்பம் போட்டிருந்தான். தொடர்ந்து இங்கே குடியிருக்கிறோம் என்று காட்ட வேண்டும். வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும், குவார்ட்டர்ஸ் போனால் நிற்க இடமில்லை, இடமில்லாதவனுக்கு எந்த விசாரணையில் என்ன பேச்சு? பக்கத்துத் தோட்டத்தில் கை நடுங்கிய ஒரு கிளாக்கரை உடம்பு லாயக்கில்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அவர் குடும்பம் சட்டிபானையோடு லொறியில் மலையிறங்கிப் போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

தங்கராஜுக்கு முதலில் கழுத்து பிடித்தது. கூப்பிட்டால் தலை திரும்பாது, உடம்போடு திரும்புவான். பிறகு கட்டைவிரல் உள்ளே மடங்கத் தொடங்கியது. எழுதிக்கொண்டிருக்கும்போதே பென்சில் நழுவி விழும். மேசைக்கு அடியில் இடது கையால் வலது கையைப் பிடித்துப் பிசைந்துகொள்வான். பாக்கியம் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள், எண்ணெய் தேய்த்தாள். காலையில் கொஞ்சம் நீளும், பத்து மணிக்கெல்லாம் மறுபடி மடங்கும்.

நானும் சும்மா இருக்கவில்லை. தொழிற்சாலையிலிருந்து தேயிலைப் பெட்டிப் பலகை இரண்டு கொண்டுவந்து அவன் காலுக்குக் கீழே அடுக்கி வைத்தேன். ஞானமுத்து பார்த்தார். "இது ஆபீசா, லயமா?" என்றார், ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளைச் சொல்லி. பலகை அடுப்புக்குப் போய்விட்டது. ஸ்டூலில் சாக்கை மடித்துப் போட்டோம், அதுவும் போனது. கடைசியில் தங்கராஜே வாய்விட்டுக் கேட்டான்.

"ஐயா, முதுகு வச்ச கதிர ஒண்ணு கெடச்சா நல்லதுங்க. கழுத்து தாங்கலீங்க."

"கதிரயா? எனக்கு இருக்கே, நான் சாயுறேனா?"

அவருக்குப் பின்னால் கோட்டு வசதியாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

தோட்டத்து மருந்தையாவிடம் போனோம். யார் போனாலும் ஒரே வெள்ளைத் தண்ணீரைக் கலக்கித் தருகிறவர் அவர். அன்றைக்கு என்ன தோன்றியதோ, தங்கராஜின் விரலைப் பிடித்து நீட்டி, கழுத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மருந்து கெடையாதுப்பா. அடிக்கடி எழும்பு. எழும்பி கையத் தொங்கவிடு. கழுத்த அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பு. இல்லன்னா இந்தக் கை ஒனக்கு இல்ல" என்றார்.

"எழும்ப விடமாட்டாங்கய்யா."

"கடுதாசி எழுதித் தரவா?"

"ஐயையோ, வேணாங்க! கடுதாசி போனா கை லாயக்கில்லன்னு சீட்டக் கிழிச்சிருவாங்க."

"அப்ப எழும்புறதுக்கு நீயே ஒரு காரணம் தேடிக்க" என்று சொல்லி எங்களை அனுப்பிவிட்டார்.

காரணம் மறுநாளே வந்தது. ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றது. மாரியாயி என்று ஒரு வயசான கொழுந்துக்காரி. முந்திய நாள் வேலைக்கு வந்திருந்தும் செக்ரோலில் அவள் பேர் விழவில்லை என்று கேட்க வந்திருந்தாள். கம்பளியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஐயா..." என்று தொடங்கினாள். தங்கராஜ் ஸ்டூலிலிருந்து இறங்கி நிமிர்ந்து நின்றான்.

அவள் பின்னால் நகர்ந்தாள். முகம் வெளிறிவிட்டது.

"ஐயா, சாமி, நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலீங்க! பேரு விழலன்னா போகட்டுங்க, விடுங்க!"

"இல்ல ஆயா, நில்லு..."

நிற்கவா செய்தாள்? படிக்கட்டில் தடதடவென்று இறங்கி ஓடிவிட்டாள். ஒரு கிளாக்கர் எழும்பினால் அடிக்கத்தான் எழும்புவான் என்பதுதான் அவள் தன் வாழ்க்கையில் கண்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தேன். தங்கராஜ் சிரிக்கவில்லை. 

சாயங்காலம் அவனே லயத்துக்குப் போய், பேரைப் போட்டுவிட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தான். அடுத்த நாளிலிருந்து ஜன்னலுக்கு யார் வந்தாலும் எழும்பினான். இறங்கி, ஜன்னலருகே போய், கையைத் தொங்கவிட்டு, கழுத்தைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, மெதுவாகத் திரும்பி வந்து ஏறி உட்காருவான். ஞானமுத்து கேட்டார்.

"என்னய்யா இது, கூலியாளுக்கெல்லாம் எழும்புற?"

"பேரு தப்பாக் காதுல விழுந்தா செக்ரோல் தப்பாயிடுங்களே. கிட்டப் போயி கேட்டா நல்லதுன்னு..."

செக்ரோல் பிழையில்லாமல் இருக்க வேண்டும் என்பதை அவரால் மறுக்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டார்.

அதற்குள் விஷயம் லயங்களில் பரவிவிட்டது. ஆபீசில் ஒரு ஐயா எழும்பி நின்று பேசுகிறாராம்! அதைப் பார்க்கவே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருத்தர் வந்து, "ஐயா, இன்னைக்கு என்ன கெழமைங்க?" என்பார். இன்னொருத்தி மகளையும் கூட்டிவந்து, "சும்மா ஐயாவப் பாத்துட்டுப் போகலாம்னு" என்பாள். தங்கராஜ் ஒவ்வொருவருக்கும் எழும்பினான். கழுத்து இளகியது. கட்டைவிரல் மெல்ல மெல்ல நீண்டது. மருந்தையா சொன்னதைவிட அதிகமாகவே வைத்தியம் நடந்தது. நானும் அவனோடு ஒன்றிரண்டு தடவை பாதி எழும்பிப் பார்த்தேன். சுகமாகத்தான் இருந்தது.

இப்படியே போயிருந்தால் சரி. எங்கிருந்தோ ஒரு தொழிற்சங்கத்துப் பேச்சாளர் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தார். யாரோ அவர் காதில் இதைப் போட்டிருக்கிறார்கள். மேசையில் குத்தி, "இந்தத் தோட்டத்தில் தொழிலாளிக்கு எழுந்து நிற்கும் ஒரு தோழர் இருக்கிறார்!" என்று முழங்கிவிட்டுப் போய்விட்டார். கைத்தட்டல் வாங்கியவர் அவர், மாட்டிக்கொண்டவன் இவன். பேசுகிறவர்களுக்கு என்ன, பஸ் ஏறிப் போய்விடுவார்கள்.

திங்கட்கிழமை ஞானமுத்து கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். அந்தக் கோட்டு அவர் உடம்பில் ஏறினால் யாருக்கோ கேடு என்று அர்த்தம். ஸ்டாஃப் ஆள் ஒருவன் சங்கத்தோடு சேர்ந்து ஆட்களைக் கிளப்பிவிடுகிறான் என்று சொல்லியிருக்கிறார். தங்கராஜையும், சாட்சிக்கு என்னையும் அன்றைக்கே உள்ளே வரச் சொல்லி உத்தரவு வந்தது.

தண்ணீர்ப் பீலியடியில் இருவரும் நின்று பேசினோம். 

"கழுத்து நோவுன்னு சொன்னா வேலைக்கு லாயக்கில்லன்னு அனுப்பிருவாங்கண்ணே. அவங்களுக்கு மரியாத குடுத்தேன்னு சொன்னா சங்கத்து ஆளுன்னு அனுப்பிருவாங்க."

"ரெண்டும் சொல்லாத. பழக்கதோசம், மன்னிச்சுக்கங்க தொரை, இனிமே எழும்ப மாட்டேன்னு சொல்லு. கால்ல விழச் சொன்னா விழு. பொம்பளப் புள்ளைங்கள நெனச்சுக்க."

"சரிண்ணே. அப்படியே சொல்லிடறேன்."

உள்ளே போனோம். தொரை பைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். ஞானமுத்து கதவோரமாக விறைத்து நின்றார். தொரை இங்கிலீசில் நிதானமாகத்தான் கேட்டார்: எனக்கே எழும்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், நீ தொழிலாளிகளுக்கு எழும்புகிறாயாமே, ஏன்?

தங்கராஜ் வாயைத் திறந்தான். "பழக்கதோசம்" என்ற வார்த்தைக்காக நான் காத்திருந்தேன்.

"தொரை, மொத நாளு நான் எழும்பினப்ப ஒரு வயசான அம்மா என்னையப் பாத்து பயந்து ஓடிருச்சுங்க. மனுசன் எழும்பி நிக்கிறதப் பாத்து மனுசி ஓடுறாங்க. அதுக்கப்புறம் என்னால உக்கார முடியலீங்க."

அட பைத்தியக்காரா! எனக்கு வந்த கோபத்தில் அவனை அங்கேயே அறைந்திருப்பேன். வைத்தியத்துக்காகத் தொடங்கியதை எங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டான்! பாக்கியமும் பிள்ளைகளும் லொறியில் ஏறுவது என் கண்முன் தெரிந்தது. தொரை என்னைப் பார்த்தார். இவன் சங்கத்து ஆளா என்று கேட்டார். இல்லை, ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை என்றேன். அது உண்மை. ஞானமுத்து தொண்டையைக் கனைத்தார். இப்படிப்பட்டவனை வைத்திருந்தால் ஆபீசுக்குக் கட்டுப்பாடு இருக்காது, நாளைக்குத் தொழிலாளிகள் உள்ளே வந்து கதிரை கேட்பார்கள் என்றார்.

தொரை பைப்பை எடுத்துச் சாம்பலைத் தட்டினார். பிறகு சிரித்தார். நல்லவர்கள் தீர்ப்புச் சொல்லும்போதுகூட ஒரு தமாஷ் செய்யாமல் இருக்கமாட்டார்கள். "இவனுக்கு நிற்கப் பிடித்திருக்கிறது. சரி, நிற்கிற இடத்துக்கே அனுப்பு" என்றார்.

அந்த இடம் கொழுந்து மடுவம். பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்து எடை சொல்லும் கொட்டகை. கிளாக்கர் ஐயா என்ற பேர் போயிற்று. குவார்ட்டர்ஸ் மாறி, தொழிற்சாலைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. ஆனால் கூரை இருந்தது, தோட்டத்தில் பேர் இருந்தது, விண்ணப்பம் அப்படியே நின்றது. பாக்கியம் அழுதாள், பிறகு சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு போய் அடுக்கினாள். ஞானமுத்து மட்டும் அன்றைக்குச் சந்தோஷமாக இருமினார்.

வேடிக்கை என்ன தெரியுமா? மடுவத்தில் ஸ்டூல் கிடையாது. தங்கராஜ் காலையிலிருந்து நிற்பான், நடப்பான், கூடை தூக்க ஒரு கை கொடுப்பான், குனிவான், நிமிர்வான். எழுதுவது ஒரு வரி, நிறுப்பது பத்துக் கூடை. இரண்டே மாதத்தில் கழுத்து முழுசாகத் திரும்பியது. தண்டனை கொடுத்தார்கள், சுகமாகிவிட்டான். அவனுடைய செக்ரோலை என் தலையில் கட்டினார்கள். எனக்குக் கழுத்து பிடித்தது. வட்டவளையிலிருந்து மாற்றலாகி வந்த பெருமாள் என்பவர் என் பழைய வேலையில் உட்கார்ந்தார். அவருக்கு இடுப்பு பிடித்தது. ஸ்டூல் யாரையும் விடவில்லை. பிற்பாடு ஞானமுத்து ஓய்வு பெற்றபோது ஸ்டாஃப் சங்கக் கட்டடத்தில் ஒரு சாய்வுக் கதிரை வாங்கிக் கொடுத்தோம். மாலையும் கழுத்துமாக விளிம்பில் உட்கார்ந்தார். "இனிமேலாவது சாஞ்சுக்கங்கய்யா" என்றோம். முயன்று பார்த்தார், முதுகு மடங்கவில்லை. கோட்டைக் கழற்றி அதில் போட்டார்.

ஆகவே கொழும்புக் கனவானே, உமது வளைந்த பலகையை நான் குறை சொல்லவில்லை, நன்றாகவே செய்திருக்கிறீர். ஆனால் பலகை முதுகைத்தான் தாங்கும். எழும்ப நினைக்கிறவனை எழும்பவிடாத ஆபீசில் தங்கத்தில் கதிரை செய்து போட்டாலும் கழுத்து பிடிக்கத்தான் செய்யும். இளம் கிளாக்கர்மாரே, நீங்கள் கேட்ட ரகசியம் இவ்வளவுதான்: எழும்புங்கள். காரணம் கேட்டால் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள். எங்களுக்குக் காரணம் கிடைத்த கடைசி விதத்தையும் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஞானமுத்து ஓய்வு பெறுவதற்கு முன்பு நடந்தது இது. மடுவத்து ஆட்கள் ஆபீசுக்குள் வரக்கூடாது, ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் கணக்கைக் கொடுக்க வேண்டும் என்று அவர் உத்தரவு போட்டிருந்தார். ஒரு மழை நாள். தங்கராஜ் வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றான். தலையில் போட்டிருந்த கம்பளியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். எங்கள் பழைய சரிவு மேசையையும், தன் பழைய ஸ்டூலில் நான் குந்தியிருப்பதையும் பார்த்தான். "ஐயா, கொழுந்துக் கணக்கு" என்றான். இத்தனை நாள் அண்ணே என்று கூப்பிட்டவன், ஞானமுத்து காதில் விழும்படி, ஐயா என்றான்.

 ஸ்டூலிலிருந்து இறங்கி நின்றேன். கூப்பிடாமலே பெருமாளும் இறங்கி என் பக்கத்தில் நின்றார்.

ஞானமுத்து கதிரை விளிம்பிலிருந்து உடம்போடு திரும்பினார்.

"யாருக்குய்யா எழும்புறீங்க?"

"யாருக்கும் இல்லீங்க" என்றேன். "முதுகு வலிங்க."

"உக்காருங்கய்யா!"

நாங்கள் உட்காரவில்லை. அவர் உருளைத்தடியால் மேசையில் தட்டினார். "உக்காருங்கன்னு சொல்றேன்!" அதற்கும் உட்காரவில்லை. வெளியே மழையில் நின்றவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான்.

"உக்காருங்கண்ணே" என்றான் தங்கராஜ்.

உட்கார்ந்தோம்.